கூழ் குடிக்கப் போன தேர்

எங்கள் கோயிலுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று சவுரிராயன் சாமி என் கடை வாசலில் வந்து நின்றபோது, நான் ஒருவருக்குப் பட்டா மாற்ற விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் கடை. போர்டில் 'மெர்லின் கம்ப்யூட்டர்ஸ்' என்று பன்மையில் எழுதியிருக்கும். உள்ளே இருக்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர். போர்டு எழுதியவரிடம் அப்போதே சொல்லிப் பார்த்தேன். சீக்கிரம் பெருகும் என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

சவுரிராயன் சாமி எங்கள் பங்குக்கு, அதாவது எங்கள் மாதா கோயிலுக்கு, புதிதாக வந்த சாமியார். காரைக்கால் பக்கத்துக்காரர். விழுப்புரத்தில் ஒரு கம்பெனியில் முதலில் விசாரித்திருக்கிறார். அவர்கள் கேட்ட தொகைக்குக் கோயிலுக்கு மணிக்கூண்டே கட்டிவிடலாம் போலிருந்ததாம். பேசுகிற பொம்மை, சுழலுகிற சிலுவை என்று ஏதேதோ காட்டியிருக்கிறார்கள். இவருக்குத் தேவை பூசை நேரம், நாலு போட்டோ, திருவிழா விவரம், தேர்பவனியை நேரலையில் காட்ட ஒரு பக்கம். அதுவும் செல்போனில் ஜல்தியாகத் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் அது அவ்வளவுதான். ரெடிமேடாக ஒரு டிசைன் எடுத்துப் பெயரை மாற்றிப் படத்தை மாற்றினால் வேலை முடிந்தது. பெயருக்கும் இடத்துக்கும் வருடா வருடம் கட்டுகிற பணத்தை மட்டும் கோயில் கட்டினால் போதும், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதாவுக்குச் செய்கிற வேலைக்குக் கூலி வாங்கினால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: யார் என்ன யோசனை சொன்னாலும் சாமி மூலமாகத்தான் வர வேண்டும், என்னிடம் நேராக ஒருத்தரும் வரக்கூடாது. சாமி உடனே சரி என்றார். ஊருக்குப் புதுசு, பாவம்.

மறுநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே சின்னதுரை அண்ணன் வந்துவிட்டார். சந்தனப்பாக்கத்தில், அதாவது எங்கள் ஊரில், பங்குப் பேரவையின் துணைத்தலைவர் அவர். கோயில் தெருக்காரர். நிலம், டிராக்டர், நெல் அறுக்கிற மிஷின் எல்லாம் உண்டு. குறை சொல்லக்கூடாது, கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். வருடா வருடம் அடைக்கல மாதா தேரை இழுப்பது அவருடைய டிராக்டர்தான். அது அவர் குடும்பத்துக் காணிக்கை.

வெப்சைட்டைத் திறந்ததும் மேலிருந்து ரோஜாப்பூ கொட்ட வேண்டும் என்றார். மணி அடிக்க வேண்டும் என்றார். மாதா படத்துக்குப் பக்கத்தில் பேரவைத் துணைத்தலைவர் படமும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். ரோஜாப்பூ கொட்டினால் நம் ஊர் போன்களெல்லாம் அப்படியே நின்றுபோகும் என்று சொல்லிப் பூவை நிறுத்தினேன். பூசை நடுவில் யாராவது திறந்தால் இரண்டு மணி கேட்கும் என்று சொல்லி மணியை நிறுத்தினேன். படத்தை மட்டும் தவிர்க்க முடியவில்லை; கீழே, கடைசியில், தபால்தலை அளவுக்குப் போட்டேன். அவர் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

கடைசியாக சாமி ஒன்று கேட்டார். வெளியூரிலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்கள் தேர் எந்தெந்த வழியாகப் போகும் என்று போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்களாம். பாதையை ஒரு மேப்பில் போட்டுவிட முடியுமா என்றார்.

மேப் விஷயத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து கோடு போட மாட்டேன். எங்கள் ஊருக்கு நெட்டில் இருக்கிற மேப் ஒரு மாதிரி. பஸ் நிறுத்தத்தில் ஏரி இருக்கும், ஏரிக்குள் ரேஷன் கடை இருக்கும். அதனால் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு நானே நடப்பேன். போகிற வழியையெல்லாம் அது நீலக்கோடாக வரைந்துகொண்டே வரும். நடந்து முடித்ததும் நிறுத்த வேண்டும்.

நிறுத்த வேண்டும். அதுதான் விஷயம்.

மே மாத வெயிலில் கோயிலிலிருந்து கிளம்பினேன். கோயில் தெரு முழுக்க நடந்து, பால் சொசைட்டி தாண்டி, தண்ணீர் டேங்க் தாண்டி, ரேஷன் கடை முனைக்கு வந்தேன். தேர் அந்த முனை வரைக்கும்தான் வரும். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வலது பக்கம் திரும்பிக் கோயிலுக்குப் போய்விடும். இடது பக்கம் திரும்பினால் காலனி, எங்கள் தெரு. எங்கள் தெருவுக்குத் தேர் வராது. நான் பிறந்ததிலிருந்து வந்ததில்லை, அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்தும் வந்ததில்லை. தேர் பார்க்க வேண்டும் என்றால் மெழுகுவர்த்தியும் தேர் மேல் வீச உப்பு மிளகும் எடுத்துக்கொண்டு நாங்கள்தான் முனைக்குப் போக வேண்டும். கேட்டால், கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது, அந்தத் திருப்பத்தில் தேர் திரும்பாது என்பார்கள். யாரும் சண்டை போட்டுச் சொன்னதில்லை. மழை வந்தால் நனைவோம் என்பது மாதிரி இயல்பாகச் சொல்வார்கள், நாங்களும் அப்படியே கேட்டுக்கொள்வோம்.

முனையில் நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. வீட்டில் அம்மா கேப்பைக் கூழ் கரைத்து வைத்திருப்பாள், வெங்காயமும் மோர்மிளகாயும் இருக்கும். கால் தானாக இடது பக்கம் திரும்பியது. கூழ் குடித்தேன். அம்மாவோடு நாலு வார்த்தை பேசினேன். பிறகு எங்கள் தெருவின் மறுகோடி வழியாகப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கோயிலுக்குப் போய், தேர்க் கொட்டகையை போட்டோ எடுத்துவிட்டு, அங்கேதான் ஆப்பை நிறுத்தினேன்.

கடைக்கு வந்து நீலக்கோட்டை அப்படியே வெப்சைட்டில் ஏற்றினேன். அழகாக வட்டமாகக் கோயிலில் தொடங்கிக் கோயிலில் முடிந்தது. எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. தினமும் நடக்கிற வழி எப்படித் தப்பாகத் தெரியும்?

கொடியேற்றத்தன்று சாமி வெப்சைட்டைத் திறந்துவைத்தார். முகவரியை நோட்டீஸில் அச்சடித்து, மேப்பையும் அதிலேயே போட்டு, பிஷப் இல்லம் வரைக்கும் அனுப்பியாகிவிட்டது. நான் கடையில் உட்கார்ந்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கலைப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. சென்னையில் ஆஸ்பத்திரி வேலை அவளுக்கு.

"ஏ மெர்லினு, தேரு நம்ம தெருவுக்கு வருதாடி? மேப்ல போட்டுகிது. நான் லீவு போட்டுட்டேன்."

போடி, வேற வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டே மேப்பைத் திறந்தேன். நீலக்கோடு ரேஷன் கடை முனையில் இடது பக்கம் திரும்பி, எங்கள் வீட்டு வாசல் வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் கொசகொசவென்று சுற்றியிருந்தது. நான் கூழ் குடித்த இடம்.

அழிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் நோட்டீஸ் ஊரெல்லாம் போய்விட்டது. சரி, வீட்டுக்குப் போய் முதலில் அம்மாவிடம் சொல்லுவோம், பிறகு சாமியிடம் சொல்லி அழித்துவிடுவோம் என்று கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கிளம்பினேன்.

முனையில் இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பினால், தெருவே என் தெரு மாதிரி இல்லை. ஒரு பக்கம் சாக்கடையில் அடைத்த மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தோரணம் கட்ட எங்கே தொடங்குவது என்று சத்தமாக வாக்குவாதம். எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் கிடக்கிற விறகுக் குவியலைக் காணவில்லை. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஜெயம். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்துவிட்டு வந்து, மறுபடியும் இங்கே.

"தேரு நம்ம வாசல்ல நிக்குமாமே," என்றாள். "மாதா வந்து நிக்கச்சொல்ல வெறகு கெடந்தா நல்லாவா இருக்கும்? அதான் பின்னால அடுக்கிட்டேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா என்னிடம் எதையும் ஆசையாகக் கேட்டதில்லை. தீபாவளிக்கு என்ன புடவை வேண்டும் என்றால்கூட இருக்கிறதே போதும் என்பாள். அந்தக் கோட்டை அழித்தால், தேர் வராது, விறகைத் திரும்பக் கொண்டுவந்து போடு என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொல்வார்கள்?

மறுநாள் சின்னதுரை அண்ணன் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்த முறை ரோஜாப்பூ கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். தெரியாமல் நடந்த தப்பு, யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை, அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிடு, வீணாக ஊருக்குள் பேஜாரு வேண்டாம் என்று பதமாகப் பேசினார். நானும் பதமாகவே, சாமி சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்றேன். நான் போட்ட நிபந்தனை கடைசியில் எனக்கே உதவியது.

அன்று மாலை சாமியார் பங்களாவில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சாமி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், நடுவில் நான். வேண்டுமென்றே போட்டாயா என்று சாமி என்னைக் கேட்டார்.

"கூழு குடிக்கப் போனேன் சாமி. நிறுத்த மறந்துட்டேன், தப்புதான். ஆனா அத இப்ப திருத்தச் சொல்லாதீங்க. எங்கம்மா வாசல்ல கெடந்த வெறகெல்லாம் எடுத்துட்டாங்க."

சாமிக்குக் கூழுக்கும் விறகுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. தேர் அந்தத் தெருவுக்கு ஏன் போகக்கூடாது என்று அண்ணனைக் கேட்டார். கம்பி தாழ்வு சாமி, திருப்பமும் சின்னது, தேர் சாய்ந்துவிட்டால் அபசகுனம் என்று அண்ணன் எப்போதும் சொல்வதைச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் வராத கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"உங்க அறுப்பு மிஷினு எங்க தெரு வழியாத்தானே அண்ணா உங்க கழனிக்குப் போவுது? அது தேர விட ஒசரமாச்சே, அது எப்டி திரும்புது?"

சாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார். பிறகு, அச்சடித்தது அச்சடித்தபடியே இருக்கட்டும் என்று சொல்லி எழுந்தார். சின்னதுரை அண்ணனும் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை. அப்படியானால் இந்த வருடம் என் டிராக்டர் வராது சாமி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

டிராக்டர் இல்லாமல் தேர் நகராது, இரண்டு நாளில் சாமியே இறங்கி வருவார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சாமி எங்கள் தெருவுக்கு வந்தார். கயிறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கல்குவாரியில் வேலை செய்கிற தெருவில் வந்து கயிறு இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? யானையைக் கட்டுகிற மாதிரி கயிறு வந்தது. முன்னொரு காலத்தில் எல்லாத் தேரையும் கையால்தானே இழுத்தார்கள் என்று ஆளுக்கு ஆள் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

டிராக்டரை நிறுத்தியதில் அண்ணன் ஒன்றை யோசிக்கவில்லை. டிராக்டர் இருந்தவரைக்கும் ஸ்டியரிங் அவர் ஆளிடம் இருந்தது. இப்போது கயிறு எங்கள் தெரு ஆட்களின் கையில்.

திருவிழாவன்று மாலைப் பூசை முடிந்து மாதா தேரில் ஏறினாள். நான் தேருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே நேரலை எடுத்தேன். சென்னை, பெங்களூர், துபாய் என்று எங்கெங்கிருந்தோ பார்த்தார்கள். கோயில் தெருவில் சில வீடுகள் கதவைச் சாத்தியிருந்தன. ஆனால் பால் சொசைட்டி பக்கத்து மேட்டில் தேர் ஏறாமல் நின்றபோது, அந்தத் தெருவிலிருந்தே நாலைந்து பேர் ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார்கள். சின்னதுரை அண்ணனும் தன் வீட்டு வாசலில் நின்று எப்போதும்போல் உப்பு மிளகு வீசினார். பிறகு கூட்டத்தோடு நடந்து வந்தார்.

ரேஷன் கடை முனையில் தேர் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, பழக்கத்தில் நின்றுவிட்டது. மேளம்கூட ஒரு நொடி தயங்கியது. பிறகு முன்வரிசையில் யாரோ இடது பக்கமாக ஒரு எட்டு வைத்தார்கள். கயிறு திரும்பியது, சக்கரம் திரும்பியது, தேரும் திரும்பியது. கம்பி மேலே எங்கேயோ கிடந்தது. சின்னதுரை அண்ணன் முனையிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் அந்த முனை வரைக்கும்தான் பழக்கம்.

தெருவே அழுதது. நானும் அழுதேன், போன் ஆடியது, துபாயிலிருந்து யாரோ படம் ஆடுகிறது என்று எழுதினார்கள். தேர் மெல்ல வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. வாசல் பளிச்சென்று இருந்தது. கோலம் இருந்தது. கதவு மட்டும் சாத்தியிருந்தது. அம்மா இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற கலைப்பிரியாவின் போனைப் பிடுங்கி அம்மாவுக்கு அடித்தேன். மேளச் சத்தத்தில் அவள் கத்துவது பாதிதான் கேட்டது.

"முனைலதான்டி நிக்கிறேன். மேளம் கேட்டுச்சி, காலு தானா வந்துடுச்சி. கண்ண மூடி வேண்டிக்கினு தொறந்தா தேரக் காணோம்."

ஒவ்வொரு வருடமும் நிற்கிற அதே ரேஷன் கடைப் படியில் போய் நின்றிருக்கிறாள். வலது பக்கம் போகும் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது நடுவில் ஊர்க் கூட்டம் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.

நான் கயிறு பிடித்தவர்களிடம் போய், அம்மா வரட்டும் என்றேன். என்ன, ஏது என்று யாரும் கேட்கவில்லை. கயிற்றைத் தரையில் வைத்துவிட்டார்கள். சாமி ஜெபமாலையை இன்னொரு தரம் முதலிலிருந்து தொடங்கினார். இத்தனை வருடமாக மாதாவுக்காக முனையில் காத்திருந்தவள் என் அம்மா. இன்று அவள் வருகிற வரைக்கும் மாதா எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வழி விடுங்க, வழி விடுங்க என்று கூட்டம் பிளந்தது. அம்மா ஓடிவந்தாள். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. உப்பும் மிளகும் கைக்குள் வியர்வையில் கட்டியாகியிருந்தன. அதை வீசவேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. தேருக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று மாதாவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. பிறகு திரும்பித் தன் வீட்டுச் சாத்திய கதவைப் பார்த்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. அவள் முகத்தில் வெட்கம் வந்துவிட்டது.

"செத்த இரு தாயி," என்றாள் மாதாவிடம். "உள்ள லைட்டு போட்டுட்டு வந்துடறேன்."

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நான் போனை அந்தக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். விளக்கு எரிந்தது.